கிரேன்காரரின் வயிறு

அவரைக் கொக்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆள் அவ்வளவு நெட்டை. எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் எதிரே வந்தால், நாம் ஒதுங்குவதற்கு முன் அவரே தலையைக் குனிந்து சுவரோடு ஒட்டிக்கொள்வார். கதவு நிலைகளில் இடித்து இடித்துப் பணிவு கற்றுக்கொண்ட தலை. வேலையும் பெயருக்கு ஏற்ற வேலைதான். பெரிய கட்டடங்கள் எழும் இடத்தில், அந்தக் கட்டடத்தையே குனிந்து பார்ப்பது போல ஒரு கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் உள்ள கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர்.

அவருடைய வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. அதனால் இந்தக் கதையில் பாதியை அவர் வாயால் கேட்டேன், மீதியைச் சுவர் வழியாகக் கேட்டேன்.

கூண்டுக்குள் இருக்கைக்கு இரு பக்கமும் இரண்டு கைப்பிடிகள். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் மனிதர்கள் மஞ்சள் தொப்பிகளாகத் தெரிவார்கள். கம்பிக் கட்டு காற்றில் ஊசலாட ஆரம்பித்தால், அது போகும் பக்கமே கிரேனையும் மெல்ல நகர்த்தி, ஆட்டம் தானாக அடங்கும்படி செய்வார். குழந்தையைத் தொட்டிலில் போட்டு அடக்குவது போல இருக்கும் என்று கீழே நிற்பவர்கள் சொல்வார்கள். தலைக்கு மேல் இரும்பு தொங்கும்போது, கூண்டில் இருப்பது கொக்கு என்று தெரிந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த உயரத்தில் ஒரு வசதி மட்டும் கிடையாது. கழிப்பறை. ஏணி ஏறி மேலே போய் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இறங்க முடியாது. ஒன்றுக்கு ஒரு பாட்டில் இருக்கும். அது எல்லா கிரேன்காரர்களுக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். மற்றதற்கு வழியே இல்லை. அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. காலையில் வீட்டிலேயே வேலை முடிந்துவிடும். வயிறு என்று ஒன்று இருப்பதே பசிக்கும்போதுதான் நினைவுக்கு வரும் என்பார்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது.

பல் வலித்தபோது போகவில்லை. கன்னம் வீங்கி ஒரு பக்கக் கண் மூடிக்கொண்ட பிறகுதான் மனைவி இழுத்துக்கொண்டு போனார். சீழ் தாடை வரை இறங்கியிருந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. அதைவிடக் கடுமையானதைக் கொடுத்தார்கள். பல்லும் போனது, வீக்கமும் போனது. ஆனால் வயிறு பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. மாத்திரை நின்றால் இதுவும் நிற்கும் என்றார் பல் டாக்டர். மாத்திரை நின்றது. இது பாதிதான் நின்றது.

அதோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. அதை என்னவென்று சொல்ல அவருக்கே வார்த்தை இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே யாரோ இறந்த வீட்டில் விழிப்பது போல இருந்ததாம். யார் இறந்தது என்று தேடினால் யாருமில்லை. அவருடைய மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். மனைவியின் அண்ணன், அதாவது அவருடைய மச்சான், வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து வம்பு வளர்ப்பார். அந்த வம்பில் கொக்கின் குரல்தான் எங்கள் வீடு வரை கேட்கும். அது நின்றுபோனது. மச்சான் தனியாகப் பேசி, தனியாகச் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

வெயில் நன்றாக இருந்த ஒரு காலையில் அது நடந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அடுக்கிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்பவரை விசில் என்பார்கள். பாதி உயரத்தில் கொக்குக்கு அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது. உடனே வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கூண்டே முன்பக்கம் சாய்கிறது என்று தோன்றியது. சாயவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் சாய்ந்தது.

"விசில், இறக்கிடுறேன்."

"என்னண்ணே, இன்னும் மேல போகணும். மாடியில ஆளுங்க கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"இறக்கிடுறேன்னு சொன்னேன்ல!"

பெட்டியை எடுத்த இடத்திலேயே, ஒரு கண்ணாடிகூடக் கீறல் விழாமல் இறக்கி வைத்தார். பிறகு ஏணியில் இறங்கினார். பாதி ஏணியிலேயே நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. தரைக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கான்கிரீட் கழுவும் குழாயடிக்கு நேராக நடந்து போனார். யாரும் சிரிக்கவில்லை. மாலையில் அவர் பையை எடுக்க வந்தபோது மேசையில் இருந்த வாக்கி டாக்கி பேசிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் குடை எடுத்துட்டு வாங்கப்பா, மேலேயிருந்து மழை வரும்போல." அதற்கு நாலு பேர் சிரித்த சிரிப்பையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

டாக்டர் சான்றிதழ் இல்லாமல் மேலே ஏறக் கூடாது என்றார் சைட் மேனேஜர். அதுவரை கேட்டில் நிற்க வேண்டும். உள்ளே வரும் லாரிகளுக்குச் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி காட்டும் வேலை. அவ்வளவு உயரமான மனிதர் கேட்டருகே கொடி பிடித்து நிற்பதைப் பார்த்த லாரி டிரைவர்கள், கொடிக்கம்பத்துக்கே கொடி கொடுத்துவிட்டார்கள் என்று கேலி செய்தார்கள்.

பிறகு டாக்டர்களின் ஊர்வலம். வயிற்று டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், குழாய் விட்டுப் பார்த்தார். கடைசியில் காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கிவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் நார்மல்."

"நார்மல்னா ஏன் சார் இப்படிப் போகுது?"

"டென்ஷன். ஒரு மனநல டாக்டரைப் பாருங்க."

மனநல டாக்டர் அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பயமும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை ஆரம்பத்தில் வயிற்றை இன்னும் கலக்கியது. திரும்பப் போய்ச் சொன்னபோது, "அப்ப முதல்ல வயித்தைச் சரி பண்ணிட்டு வந்துடுங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குள் அவர் கத்தியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கழுத்துக்கு மேல ஒருத்தன், கழுத்துக்குக் கீழ ஒருத்தன்! நடுவுல கழுத்து ஒண்ணு இருக்கே, அதுக்கு ஆளே இல்லையா? ரெண்டையும் சேர்த்துத்தானே நான் தூக்கிட்டு அலையறேன்!"

"என்கிட்ட ஏங்க கத்துறீங்க? நானா அனுப்பினேன்?" என்றார் மனைவி. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு வந்தால், வீட்டில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் வராது. கேட்காவிட்டால் கோபம் வரும்.

மச்சான் மட்டும் உற்சாகமாக இருந்தார். போனில் வரும் வீடியோக்களில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது.

"மாப்பிள்ளை, விஷயம் தெரியுமா? மூளை தலையில மட்டும் இல்லையாம். குடல்லயும் ஒண்ணு இருக்காம். அங்க இருக்கிற கிருமிங்கதான் நம்ம மூடையே தீர்மானிக்குதாம். நீங்க கிரேனை ஓட்டுறீங்க, உங்களைக் கிருமி ஓட்டுது!"

"அப்ப உங்களை எது ஓட்டுது மச்சான்? லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க."

பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பதில் அது. மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. மறுவாரம் ஒரு செய்தி கொண்டுவந்தார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குடல் கிருமிகளையும் மனசையும் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார்களாம், ஆள் தேடுகிறார்களாம். கொக்கு முதலில் மறுத்தார். வீட்டில் இருந்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்தான் போனேன் என்று பின்னால் சொன்னார்.

அங்கே இருந்த பெண் டாக்டரும் வயிற்று டாக்டர்தான். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "அழுகை வருதா?"

"அதுக்கு வேற டாக்டர் இருக்காங்கன்னு அனுப்பிடுவீங்க. எதுக்குச் சொல்லணும்?"

"அனுப்ப மாட்டேன். இங்கேயே சொல்லுங்க."

சொன்னார். இரண்டு பேரிடம் இரண்டு துண்டாகச் சொன்னதை ஒரே ஆளிடம் முதல் முறையாக முழுசாகச் சொன்னார். பல்லில் ஆரம்பித்து ஏணி வரைக்கும். அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பயந்தா வயித்தைக் கலக்குதுன்னு சொல்றோம். கெட்ட சேதி வரப்போகுதுன்னா வயித்துல புளியைக் கரைக்குதுங்கிறோம். நல்ல சேதி வந்தா வயித்துல பால் வார்த்த மாதிரிங்கிறோம். தலையில நடக்கிறது வயித்துக்குத் தெரியும்னு நம்ம பேச்சுக்கே தெரியும்" என்றார் டாக்டர். "வயித்துல நடக்கிறது தலைக்குப் போய்ச் சேருதா, எப்படிச் சேருதுங்கிறதைத்தான் நாங்க பார்க்கிறோம். குடல்ல கோடானுகோடி பாக்டீரியா குடியிருக்கு. நாம சாப்பிடுறதை அதுங்க உடைக்கும்போது என்னென்னவோ பொருளெல்லாம் வெளியே விடுது. சிலது ரத்தத்துல கலக்குது. குடலைச் சுத்தி நரம்புப் பின்னல் இருக்கு, அங்கேயிருந்து நீளமா ஒரு நரம்பு மூளைக்கே போகுது. எலிங்களுக்குக் குடல் கிருமியை மாத்தினா அதோட நடத்தையே மாறுது. அதைப் பல பேர் பார்த்திருக்காங்க."

"மனுஷனுக்கு?"

"தொடர்பு இருக்கு. எது எதை இழுக்குதுன்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை என் கிருமியைக் கொன்னுடுச்சு. அதனாலதான் இவ்வளவும். அப்படித்தானே?"

"இருக்கலாம். அந்த மாத்திரை நல்லது கெட்டது பார்க்காது. ஆனா பல பேருக்குக் கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும். உங்களுக்கு ஏன் ஆகலைன்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டது அவருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் நார்மல் என்ற சொல்லைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருந்தது என்றும் சொன்னார்.

"அப்ப நான் எலி."

"எலி கேள்வி கேக்காது. நீங்க கேக்கலாம்."

ஆராய்ச்சியின் முறையை டாக்டர் விளக்கினார். ஒரு கூட்டத்துக்குத் தினமும் தண்ணீரில் கலக்கிக் குடிக்க உயிருள்ள பாக்டீரியாப் பொடி. இன்னொரு கூட்டத்துக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கடைசி வரை குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. வாரம் ஒரு முறை வந்து எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலும் முடிவிலும் மலத்தைச் சோதிப்பார்கள். அதற்கு ஒரு வெள்ளை டப்பா கொடுத்தார்கள். எடுத்ததும் ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் ஐஸ் உருகாமல் கொண்டுவர வேண்டும்.

அந்த டப்பாவால் எதிர்வீட்டில் நடந்த போரை எங்கள் மாடியே கேட்டது.

"ஃப்ரீசர்லயா? ஐஸ் கட்டிக்குப் பக்கத்துலயா?"

"நல்லா மூடியிருக்கு. மூணு உறை போட்டிருக்கேன்."

"முப்பது உறை போடுங்க! அது உள்ளே இருந்தா நான் வெளியே!"

"ஆராய்ச்சிம்மா இது!"

"ஆராய்ச்சின்னா ஆஸ்பத்திரியிலேயே போய் இருக்க வேண்டியதுதானே!"

கடைசியில் ஃப்ரீசரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து எங்கள் வீட்டு ஃப்ரீசருக்குக் குடிமாற்றிவிட்டு, டப்பாவை அங்கே தனிக்குடித்தனம் வைத்தார்கள். மறுநாள் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கேக்கா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

பொடி குடிக்க ஆரம்பித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மாவுதான், எனக்கு வாய்த்தது வெறும் மாவுதான் என்று திட்டிக்கொண்டே குடித்தார். பிறகு வயிறு மெல்ல அடங்க ஆரம்பித்தது. அதற்கும் பிறகு, அவர் கவனிப்பதற்கு முன்பே மனைவி கவனித்தார். குளிக்கும்போது பாடுகிறார். சுருதி பழையபடி மோசமாகவே இருந்தது. ஒரு மாலையில் மச்சானோடு அவர் போட்ட வாக்குவாதத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. மனைவி சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதாக என்னிடம் சொன்னார்.

சான்றிதழ் கிடைத்தது. மறுபடி ஏணி ஏறினார். முதல் நாள் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் இறங்கிவிடலாமா என்று தோன்றியதாம். தோன்றட்டும் என்று கொஞ்சம் விட்டுப் பார்த்தாராம். அடங்கியது. ஒரு கம்பிக் கட்டைத் தூக்கினார். அன்றைக்கு மேலேயே இருந்துவிட்டு, வேலை முடிந்த பிறகு இறங்கினார்.

ஆராய்ச்சி முடிந்து முடிவு சொல்லக் கூப்பிட்டபோது புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"உங்களுக்குக் குடுத்தது உயிருள்ள பொடிதான்" என்றார் டாக்டர்.

"நான் சொன்னேன்ல! எனக்கு அப்பவே தெரியும்!" மாவு மாவு என்று திட்டியதை அவர் மறந்திருந்தார். அந்த நிமிஷம் நிஜமாகவே வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது என்றார். டாக்டர் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

"ஆனா மொத்தமா வச்சுப் பார்த்தா, ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியலை. வெறும் மாவு சாப்பிட்டவங்களும் உங்களை மாதிரி நிறையப் பேர் தேறியிருக்காங்க. பொடி சாப்பிட்டும் தேறாதவங்க இருக்காங்க."

"அவங்க கதை எனக்கெதுக்கு? எனக்கு நல்லாச்சா இல்லையா?"

"நல்லாச்சு. அந்தப் பொடியாலதான் ஆச்சுன்னு என்னால சொல்ல முடியலை. நாள் போகப் போக உங்க குடல் தானாவே தேறியிருக்கலாம். வாராவாரம் இங்க வந்து பேசினது உதவியிருக்கலாம். பொடியும் காரணமா இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல எனக்கு வழியில்லை."

"சரி, எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பொடியைத் தொடர்ந்து குடுங்க."

"குடுக்க முடியாது. ஆய்வு முடிஞ்சுடுச்சு. முடிவு சரியா வராததால தயாரிச்சவங்க அதை நிறுத்திட்டாங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன கதை நாம் கேட்டிருக்கிறோம். இவருக்கு வாய்க்கும் எட்டி, வயிற்றுக்கும் எட்டிய பிறகு பறித்துக்கொண்டார்கள். மாடிப்படியில் என்னை நிறுத்தி வைத்து அவர் பேசியது, பதிலை எதிர்பார்த்துப் பேசிய பேச்சு அல்ல.

"ஊருக்கு வேலை செய்யலைன்னா எனக்கும் வேலை செய்யலையாம். ஊரோட சராசரிக்கா வயித்து வலி வந்துச்சு? எனக்குத்தானே வந்துச்சு!"

கடையில் விற்கும் கேப்ஸ்யூல்களை வாங்கிப் பார்த்தார். அவற்றில் இருப்பது வேறு வகைக் கிருமிகள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒன்று வயிற்றை ஊத வைத்தது, இன்னொன்று எதுவுமே செய்யவில்லை. கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். பிறகு இறந்த வீட்டில் விழிப்பது போன்ற அந்தக் காலைகள் திரும்ப வர ஆரம்பித்தன. முன்பு போல அடிமட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் போய்விடுமோ என்ற பயம் சேர்ந்துகொண்டது.

"கிருமி போனதால பயமா, கிருமி போயிடுச்சேங்கிற பயமா? இதை யார்கிட்ட போய்க் கேக்கிறது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அந்த அம்மாகிட்டயே போய்க் கேளுங்க. அவங்கதான் திட்டினாலும் கேட்டுக்கிறாங்க" என்றார் மனைவி.

போய்த் திட்டினார். டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, அதே வராந்தாவில் இருந்த வேறொரு மனநல டாக்டரின் அறைக்கு அவரை அழைத்துக்கொண்டு போய், கூடவே உட்கார்ந்தார். இரண்டு டாக்டர்கள் தன்னை நடுவில் வைத்து ஒருவரோடொருவர் பேசுவதைக் கொக்கு அன்றைக்குத்தான் பார்த்தார். வயிற்றைத் தொந்தரவு செய்யாதபடி மிகக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை, வேளா வேளைக்குச் சாப்பாடு, தட்டில் காயும் பயறும் அதிகம். "இதைச் சொல்லவா இவ்வளவு படிச்சீங்க?" என்று அங்கேயே கேட்டுவிட்டார்.

வாரம் ஒரு முறை அந்த மனநல டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு தடவை டாக்டர் கேட்டார்.

"மேல போனா எதை நினைச்சுப் பயப்படுறீங்க? விழுந்துடுவோம்னா?"

"விழறதெல்லாம் இல்ல சார். அவசரம்னா இறங்க முடியாது. அங்க கக்கூஸ் கிடையாது. அதான் பயம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அது நோய் இல்லையே. கக்கூஸ் இல்லைங்கிறது உண்மைதானே? அதுக்கு நான் என்ன மாத்திரை குடுக்க?"

இத்தனை காலம் தன் வயிற்றையும் தலையையும் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தவரை, அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. மறுநாள் நேராக மேனேஜரிடம் போனார். காலை வேலைக்கு நடுவில் ஒரு தடவையும், பிற்பகலில் ஒரு தடவையும் தான் இறங்கி ஏற வேண்டும், அந்த நேரத்துக்குக் கூண்டில் உட்கார மாற்று ஆள் வேண்டும் என்றார்.

"இத்தனை வருஷமா யாரும் கேக்காததை நீ ஏன்யா கேக்கிறே? உடம்பு முடியலைன்னா சொல்லு, கேட்ல கொடி இருக்கு" என்றார் மேனேஜர்.

கொதித்துப்போய் வெளியே வந்தார். அந்த சைட்டின் இரண்டாவது கிரேனை ஓட்டுவது ஒரு இளம் பெண். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி, நீ கொஞ்சம் எனக்காகப் பேசக் கூடாதா என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்காகவா?" என்றாள் அவள். "அண்ணே, காலையில எழுந்ததுலேருந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லை, தெரியுமா? பாட்டில் உங்களுக்கு. எனக்கு? அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, அதுக்கு ஆன்டிபயாட்டிக், மறுபடி நீர்க்கடுப்பு, மறுபடி ஆன்டிபயாட்டிக். என் வயிறும்தான் நாசமாப் போச்சு. என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டதில்லை. அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லைக் கேட்டதும், தான் பட்டது எல்லாம் இவளுக்கும் காத்திருக்கிறதோ என்று பதறியதாகவும் சொன்னார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஏணியடியில் கவிழ்த்துப் போட்ட வாளிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறவில்லை. கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றன. கலவை இறுகினால் லாரியோடு போய்விடும். மேனேஜர் கத்தினார். கெஞ்சினார். வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். விசில் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, தன் வாக்கி டாக்கியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு வந்து நின்றார்.

"அவங்க இறங்கினா நானும் கொஞ்சம் உக்காருவேன்ல" என்றார் காரணம் கேட்டவர்களிடம்.

வெயில் ஏறுவதற்குள் மேனேஜர் ஒத்துக்கொண்டார். இரண்டு கிரேனுக்கும் பொதுவாக ஒரு மாற்று ஆள். வந்தவர் ஓய்வு பெற்ற பழைய கிரேன்காரர். மூட்டு வலியோடு ஏணி ஏறுவார், முனகுவார். ஆனால் ஏறுவார்.

இறங்கலாம் என்று ஆன பிறகு பெரும்பாலான நாட்களில் கொக்குக்கு இறங்க வேண்டியே வரவில்லை. இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை அவர். கோபமாகத்தான் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு, தன் குடலுக்குள் குழாய் விட்டார்களே என்று. அதே மூச்சில், கிருமியில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னாலும் சண்டைக்கு வருவார். அந்தப் பொடி குடித்த காலத்தில் தலைக்குள் இருந்த தெளிவு இப்போது இல்லை, அது எனக்குத் தெரியும் என்பார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சில காலைகளில் அவர் முகத்தைப் பார்த்தாலே நாங்கள் பேச்சுக் கொடுக்க மாட்டோம். சில காலைகளில் அவராகவே வந்து வம்புக்கு இழுப்பார். இரண்டாவது வகைக் காலைகள்தான் இப்போது அதிகம்.

போன மாதம் அந்தப் பெண் டாக்டர் வேறொரு ஆராய்ச்சி ஆரம்பித்திருப்பதாக மச்சான் துப்புக் கொண்டுவந்தார். இந்த முறை வேறு கிருமி. கொக்கு உடனே போன் செய்தார். நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் உம் கொட்டினார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மனைவி.

"மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்களைச் சேர்க்க மாட்டாங்களாம். நிறுத்தினா சேர்ப்பாங்களாம்."

"நிறுத்தப் போறீங்களா?"

"நிறுத்தினா மறுபடி சுவரைப் பார்த்து உக்காந்திருப்பேன். அதை யாரு ஆராய்ச்சி பண்றது, நீயா?"

மனைவி அன்றைய மாத்திரையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதை முறைத்துப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே விழுங்கிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.